18 மீட்டர் என்னும் சொல்

தாழ்ந்த நிலத்துக்கு நீர் ஒரே வழியில் வருவதில்லை. தொலைவில் மலைமேல் பெய்த மழை ஆற்றின் வழியே வந்து சேரலாம். புயல் தள்ளிய கடல் கரையேறி வரலாம். நிலமே ஆண்டுக்கு ஆண்டு அமிழ்ந்துகொண்டிருக்க, ஒரு காலத்தில் எட்டாத் தொலைவில் நின்ற ஓதநீர் மெல்ல வாசற்படிக்கு வந்துவிடலாம். கண்ணுக்கு இவை எல்லாம் ஒரே வெள்ளமாகத் தெரிந்தாலும், வரும் வேகமும், வருவதற்கு முன் கிடைக்கும் அவகாசமும், வடிவதற்கு ஆகும் காலமும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. ஒன்றில் உயிர் காத்த பழக்கம் இன்னொன்றில் உயிரைப் பறித்துவிடவும் கூடும். ஆகவே பள்ளத்தில் வாழ்பவர்களுக்கு மிகவும் தேவைப்படும் அறிவு, எந்த நீர், எந்த வழியில், எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்பதைத் தங்களுக்குப் புரியும் சொல்லில் உரிய நேரத்தில் அறிந்துகொள்வதுதான். அந்த அறிவு எங்கே மக்களிடம் வேரூன்றியது, எங்கே வந்து சேராமல் போனது என்பதை 7,600க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிலிப்பைன்ஸ் நாடு வலியோடு கற்றிருக்கிறது.

பசிபிக் பெருங்கடலின் வடமேற்குப் பகுதியில் மணிக்கு ஏறத்தாழ 118 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றுடன் சுழலும் புயலை டைஃபூன் என்கிறார்கள். வங்கக் கடலில் உருவாகும் கடும் புயலும் அட்லாண்டிக்கில் உருவாகும் ஹரிக்கேனும் இயற்பியல் நோக்கில் இதிலிருந்து வேறானவை அல்ல. கடலின் மேற்பரப்பு 26.5 பாகை செல்சியசுக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கும்போது எழும் நீராவி, உயரே சென்று குளிர்ந்து மேகமாக மாறுகையில் தன்னுள் அடக்கி வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் மேலே எழச் செய்ய, கீழே அழுத்தம் குறைந்து, சுற்றிலுமிருந்து ஈரக்காற்று உள்ளே விரைய, புவியின் சுழற்சி அதனைத் திருப்பிவிட, சக்கரம் சுழலத் தொடங்குகிறது. இத்தகைய சுழல்களில் வலுக்குறைந்தவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 20 பிலிப்பைன்ஸ் கடல் எல்லைக்குள் நுழைகின்றன. அவற்றில் எட்டு அல்லது ஒன்பது நிலத்தைக் கடக்கின்றன. பாகாசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நாட்டு வானிலை நிறுவனம், உலகப் பட்டியலில் உள்ள பெயரோடு நில்லாமல், ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் நாவில் எளிதாக வழங்கும் ஒரு பெயரையும் சூட்டுகிறது. கெட்சானா என்று உலகம் அறிந்த புயலை மணிலாவில் ஒண்டோய் என்று சொன்னால்தான் தெரியும்.

புயல்களைக் காற்றின் வேகத்தால் தரம்பிரிக்கும் வழக்கம் மாலுமிகளுக்குப் பயன்பட்டது. பள்ளத்தில் குடியிருப்பவர்களுக்கு அது பெரிதும் உதவுவதில்லை; சில நேரங்களில் ஏமாற்றவும் செய்கிறது. ஒண்டோய் 2009 செப்டம்பர் 26 அன்று லூசோன் தீவைக் கடந்தபோது டைஃபூன் என்ற தரத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. கூரைகளைப் பிய்த்தெறியும் காற்று அதில் இல்லை. ஆனால் பெருநகர மணிலாவின் கேசான் நகரில் உள்ள வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த மாதம் முழுவதற்குமான சராசரி மழையைவிட இது அதிகம். அதிலும் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. இந்த எண்ணின் பொருளை உணர ஒரு சிறு கணக்கு போதும்: ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 இலட்சம் லிட்டர்; 455 மில்லிமீட்டர் என்றால் அதே பரப்பில் 45.5 கோடி லிட்டர். இந்த நீரைத் தாங்க வேண்டியிருந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் அல்ல, பல நூறு சதுர கிலோமீட்டர். அன்றைய வெள்ளத்திலும் அதன் தொடர்ச்சியிலும் நாட்டில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த ஆறு மரிகினா. சியெர்ரா மாத்ரே மலைத்தொடரின் சரிவுகளில் பிறந்து, மொண்டல்பான் வழியாக இறங்கி, காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற மரிகினா நகரின் நடுவே வளைந்து ஓடி, கடைசியில் பாசிக் ஆற்றோடு கலக்கிறது. இந்த நகரம் இருக்கும் பள்ளத்தாக்கு ஆறு மட்டும் குடைந்து உண்டாக்கியது அல்ல. மேற்கிலும் கிழக்கிலும் இரு நிலப்பிளவுகள் ஓட, அவற்றின் நடுவே பாறைத்தட்டு தாழ்ந்ததால் உருவான தொட்டி இது. அந்தத் தொட்டியை ஆறு காலங்காலமாக வண்டல் கொண்டு நிரப்பிவந்தது. வண்டல் நிரப்புவது என்றாலே அவ்வப்போது கரைமீறிப் பரவுவது என்றுதான் பொருள். ஆகவே வெள்ளச் சமவெளி என்று புவியியலாளர்கள் குறிப்பிடும் இந்தத் தட்டையான மண், ஆற்றுக்குச் சொந்தமான ஓர் அகன்ற படுக்கை என்றே கொள்ளத்தக்கது. மலையில் காடு அழிந்து, சமவெளியில் சிமென்ட் பரவி, மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றி ஓடையைத் தேடி ஓடத் தொடங்கியபோது, ஆறு அந்தப் படுக்கையைத் திரும்பக் கேட்கும் நாள்களும் கூடின. ஆற்றின் ஒரு வளைவுக்குள் அமைந்த பிராவிடண்ட் வில்லேஜ் என்னும் குடியிருப்பில் 2009இல் நீர் மாடிவரை ஏறியது. ஆறு வளையும் இடத்தில், கரை உடைபடாமலே மூன்று பக்கத்திலிருந்தும் நீர் சூழ்ந்துவிட முடியும் என்பதை அங்கே வீடு வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?

மணிலாவைக் காப்பதற்காக 1980களில் வெட்டப்பட்ட மங்கஹான் வெள்ளக் கால்வாய் இந்தக் கதையின் சிக்கலான பகுதி. மரிகினா ஆற்றின் பெருக்கில் பெரும்பங்கை, நொடிக்கு 2,400 கன மீட்டர் வரை, நகரின் மையத்துக்குப் போகவிடாமல் திருப்பி லாகுனா ஏரியில் சேர்ப்பது அதன் நோக்கம். ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரி சராசரியாக மூன்று மீட்டர் ஆழம்கூட இல்லாதது. பல ஆறுகள் அதில் வந்து விழுகின்றன, வெளியேறும் வழியோ பாசிக் ஆறு ஒன்றுதான். அந்த ஆற்றின் சரிவு எவ்வளவு குறைவு என்றால், கோடையில் ஏரி வற்றியிருக்கும்போது கடல் ஏற்றத்தில் உப்புநீர் எதிர்த்திசையில் ஏறி ஏரிக்குள் வந்துவிடுகிறது. ஏரியில் தேங்கும் வெள்ளத்தை மேற்கே மணிலா விரிகுடாவுக்கு நேராக வெளியேற்றப் பராஞாக்கே வழியாக இன்னொரு கால்வாய் வெட்டும் திட்டமும் இருந்தது; அது வெட்டப்படவில்லை. இதன் விளைவாக 2009இல் நகரின் நடுப்பகுதியில் சில நாள்களில் வடிந்த வெள்ளம், ஏரிக்கரை ஊர்களில் மாதக்கணக்கில் நின்றது. முழங்கால் நீரில் மரப்பலகைகளை இணைத்து நடைபாதை போட்டு, வகுப்பறையில் குடியிருந்து, மழையே இல்லாத நாள்களிலும் வெள்ளத்துக்குள் வாழ்ந்தவர்கள், தங்கள் வாசலில் நின்ற அந்த நீரின் ஒரு பகுதி வேறொருவரின் வாசலைக் காப்பதற்காகத் திருப்பிவிடப்பட்டது என்பதை அறிந்தே வாழ்ந்தார்கள். வெள்ளத் தடுப்பு என்று பொறியியல் சொல்வதில் பெரும்பகுதி இத்தகைய இடமாற்றம்தான். அதனால் காக்கப்பட்டவர்கள், தங்களுக்காக நனைந்தவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

தேங்கிய நீர் நோயையும் கொண்டுவந்தது. எலியின் சிறுநீரோடு வெளியேறும் லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவ நுண்ணுயிரி வெள்ளநீரில் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக உடலுக்குள் புகுகிறது; சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி, சிலருக்குச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்குகிறது. தமிழில் எலிக்காய்ச்சல் எனப்படும் இந்நோய், ஒண்டோய்க்குப் பிந்தைய வாரங்களில் பெருநகர மணிலாவில் 2,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. நீர் வந்த நாளுக்கும் காய்ச்சல் வரும் நாளுக்கும் இடையே ஒன்றிரண்டு வாரங்கள் கழிவதால், இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்கும் பழக்கம் இல்லாத இடத்தில் சிகிச்சை தாமதமாகிறது. வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு மருத்துவரின் ஆலோசனையோடு முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் கொடுப்பது அந்நாட்டில் இன்று வழக்கமாகிவிட்டது.

மரிகினா மக்களிடம் வேரூன்றிய அறிவு மூன்று எண்களின் வடிவில் இருக்கிறது. சாந்தோ நீன்யோ பகுதியில் உள்ள அளவுகோலில் ஆற்றுமட்டம் 15 மீட்டரைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, ஆயத்தமாக வேண்டும். 16 மீட்டரில் இரண்டாம் எச்சரிக்கை, வெளியேற வேண்டும். 18 மீட்டரில் மூன்றாவது, வெளியேறாதவர்கள் கட்டாயமாக வெளியேற்றப்படுவார்கள். இந்த எண்கள் ஆற்றின் ஆழத்தைக் குறிப்பவை அல்ல, ஒரு நிலையான அடிமட்டத்திலிருந்து அளக்கப்படும் உயரம். ஆயினும் அந்த நுட்பம் தெரியாதவர்களுக்கும் எண்ணின் பொருள் தெரியும். 16 என்றால் எந்தத் தெரு நனையத் தொடங்கும், 18 என்றால் எந்த வீட்டின் தரைத்தளம் போகும், 2009இல் எட்டிய 21.5 என்றால் எந்த மாடியின் எந்தப் படிவரை நீர் நின்றது என்பதைத் தங்கள் வீட்டுச் சுவரிலேயே காட்டிவிடுவார்கள். மழை பெய்யும் இரவுகளில் வானொலியிலும் கைப்பேசியிலும் மக்கள் தேடுவது காற்றின் வேகத்தை அல்ல, இந்த எண்ணைத்தான். ஓர் அளவீடு மொழியின் பகுதியாக மாறிவிட்ட அரிய நிகழ்வு என்றே இதனைச் சொல்ல வேண்டும். அளவுகோலின் எண்ணைக் காட்டிலும் அது உயரும் வேகம் கூடுதலாகப் பேசும் என்பதும் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே: மலைமேல் பெய்யும் மழை நகரை அடையச் சில மணி நேரம் ஆவதால், தலைக்கு மேல் வானம் வெளுத்த பிறகும் ஆறு ஏறிக்கொண்டே இருக்கலாம்.

இந்த அறிவுக்கும் எல்லை உண்டு. 2020 நவம்பர் 12 அதிகாலையில் வாம்கோ, உள்ளூர்ப் பெயரில் யுலிசஸ், கொண்டுவந்த மழையில் ஆற்றுமட்டம் 22 மீட்டரை எட்டி 2009இன் அளவையும் தாண்டியது. நாடு முழுவதிலும் உயிரிழப்பு 2009இல் நேர்ந்ததைவிடக் குறைவாக இருந்தபோதும், பெருந்தொற்றுக் காலத்தில் நெரிசலான முகாமுக்குச் செல்லத் தயங்கியவர்களும், இருட்டில் நீர் ஏறிய வேகத்தைக் கணிக்க முடியாதவர்களும் விடியும்போது கூரைமேல் நின்று உதவி கேட்டார்கள். 2024 ஜூலையில் வந்த கெய்மி, அங்கே கரினா, பிலிப்பைன்சில் கரையைக் கடக்கவே இல்லை. தொலைவில் வடக்கே சென்ற அந்தச் சுழல், ஹபகாட் எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வலுப்படுத்தியதால் ஆறு 20 மீட்டரைத் தாண்டியது. ஈழத்திலும் இராமநாதபுரக் கரையிலும் கச்சான் என்று வழங்கும் காற்றின் உறவினர் என்று ஹபகாட்டைச் சொல்லலாம். புயல் வராமலே புயல் வெள்ளம் வரும் என்ற இந்த உண்மை காற்றெச்சரிக்கை எண்களில் அடங்குவதில்லை. மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்றால் சிவப்பு என்பதுபோல், மழைக்கென்றே தனியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை 2012 முதல் பாகாசா வெளியிட்டுவருவது இந்தக் குறையை உணர்ந்துதான்.

மணிலாவுக்கு வடக்கே, விரிகுடாவின் ஓரத்தில் உள்ள மலபோனிலும் நவோதாசிலும் வெள்ளத்துக்கு மழையே வேண்டியதில்லை. வெயில் காயும் நாளிலும் கடல் ஏற்றத்தின்போது சாக்கடை வழியாக உப்புநீர் தெருவுக்கு வரும். கடல் மட்டம் உயர்வது உண்மைதான். ஆனால் உலகச் சராசரியில் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். இப்பகுதியின் நிலம் அமிழும் வேகமோ, கெல்வின் ரொடோல்ஃபோ, ஃபெர்னாண்டோ சிரிங்கான் ஆகிய புவியியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியதைப் போல, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. காரணம் ஆழ்துளைக் கிணறுகள். களிமண் அடுக்குகளின் நுண்துளைகளில் இருக்கும் நீர், மேலே உள்ள மண்ணின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் எடை முழுவதும் களிமண் துகள்கள்மேல் இறங்க, அவை நெருங்கி இறுகுகின்றன. மீண்டும் நீர் ஊறினாலும் இறுகிய களிமண் பழையபடி உப்புவதில்லை. குடியிருப்பவர்கள் இதற்குக் கண்ட மாற்று, தம்பாக் என்று அவர்கள் சொல்லும் மண் நிரப்பல்: தெரு உயர்த்தப்படும், அதற்கு ஈடாக வீட்டுத் தரை உயர்த்தப்படும், மீண்டும் தெரு உயரும். சன்னலின் அடிவிளிம்பு தரையோடு வந்துவிட, ஒருகாலத்தில் நிமிர்ந்து நுழைந்த வாசலில் குனிந்து நுழைய வேண்டியதாகிறது. காசு இருப்பவரின் தரை உயர்கையில், பக்கத்தில் உயர்த்த முடியாதவரின் வீடு குழியாகிவிடும் என்பதுதான் இதில் மனத்தை வருத்துவது.

புயல் தள்ளிவரும் கடல்நீருக்கே மிகக் குறைந்த அவகாசம். 2013 நவம்பர் 8 காலையில் ஹையான், பிலிப்பைன்ஸ் வழக்கில் யோலாண்டா, லெய்தே தீவில் கரையேறியது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மேல்நோக்கி உப்பும்; ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்பது கணக்கு. ஹையானின் மைய அழுத்தம் 895 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியதாக ஜப்பான் வானிலை நிறுவனம் மதிப்பிட்டது. அதன்படி இந்த உப்பல் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். தக்லோபான் நகரில் ஏறிய நீரோ ஐந்து முதல் ஆறு மீட்டர். மீதியைத் தந்தது காற்று: ஆழமான கடலில் காற்று தள்ளும் நீர் அடியில் திரும்பி ஓடிவிட முடியும், ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லாமல் கரைநோக்கிக் குவிகிறது. தக்லோபான் அமைந்திருப்பதோ புனல்போல் வடக்கு நோக்கி ஒடுங்கும் சான் பெத்ரோ விரிகுடாவின் தலையில். புயலின் மையம் நகருக்குத் தெற்கே மேற்கு நோக்கிச் சென்றதால், முதலில் வடக்கிலிருந்து வீசிய காற்று விரிகுடாவின் நீரை வெளியே தள்ளிக் கடலை உள்வாங்கச் செய்தது. பிறகு காற்றின் திசை தென்கிழக்குக்குத் திரும்பியதும் அத்தனை நீரும் புனலுக்குள் திணிக்கப்பட்டது. 6,300 பேர் மாண்டதாக அரசு கணக்கிட்டது. 1,000க்கும் மேற்பட்டோர் காணாமல் போயினர். காற்றுக்கு அஞ்சி உறுதியான கட்டடங்களின் தரைத்தளத்தில் அடைக்கலம் புகுந்தவர்களும் அவர்களில் உண்டு. காற்றிலிருந்து தப்பச் சரியான இடம், கடலிலிருந்து தப்பத் தவறான இடமாக இருந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இது நேரவில்லை என்பதுதான் நெஞ்சை அறுப்பது. கடல் பல மீட்டர் உயரும் என்று முன்னறிவிப்பில் கூறப்பட்டிருந்தது. ஆனால் அதற்கு வழங்கிய பெயர் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற ஆங்கிலத் தொடர். வாராய் மொழி பேசும் மக்களில் பலருக்கு அது காற்றின் இன்னொரு பெயர்போலவே ஒலித்தது. சுனாமி வருகிறது என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அதே கரையை 1897 அக்டோபரிலும் இத்தகைய கடலேற்றம் அழித்திருந்தது. மணிலா வானாய்வகத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி ஹோசே அல்கே அதனை விரிவாக ஆராய்ந்து மறு ஆண்டே நூலாக வெளியிட்டும், நூலகத்தில் இருந்த நினைவு ஊரின் நாவுக்கு வந்து சேரவில்லை. இன்று பாகாசா இதற்கு 'தலுயோங்' என்ற உள்ளூர்ச் சொல்லைப் பயன்படுத்துகிறது.

இந்தச் சொல் வறுமை தமிழுக்கும் அயலானது அல்ல. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடியை அழித்ததில் இத்தகைய கடலேற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் அதற்கென மக்கள் வழக்கில் நிலைபெற்ற ஒரு சொல் இன்றுவரை உருவாகவில்லை. 2004க்குப் பின் ஆழிப்பேரலை என்ற சொல்லும் சுனாமி என்ற சொல்லும் குழந்தைகளுக்கும் தெரியும். புயல் அறிவிப்பில் வரும் 'கடல் கொந்தளிப்பாகக் காணப்படும்' என்ற தொடரோ அலையின் சீற்றத்தைச் சொல்கிறதே தவிர, கடலின் மட்டமே ஏறி ஊருக்குள் நடந்துவரும் என்பதைச் சொல்வதில்லை. புயல் ஓதம் என்றோ கடலேற்றம் என்றோ ஒரு சொல் நிலைபெற்று, அது எந்தத் தெருவின் எந்தக் கம்பம்வரை வரும் என்ற அளவோடு சேர்ந்து வழங்கவேண்டும்.

பிலிப்பினோ மொழியில் 'பக்வித்' என்று ஒரு சொல் உண்டு. வெளியேற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தேய்ந்து உருவான இது, வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போவதையும், அப்படிப் போனவரையும் ஒருங்கே குறிக்கிறது. ஊரின் மிகச்சிறிய நிர்வாகப் பிரிவுக்கு அங்கே வழங்கும் பாரங்காய் என்ற பெயரோ, பலங்காய் என்னும் பழங்காலப் படகின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பாரங்காய்களின் அலுவலர்கள் 16 மீட்டரில் தெருத்தெருவாகச் சென்று மக்களை அழைக்கையில், போவதா இருப்பதா என்று குடும்பங்கள் செய்யும் கணக்கில் இயற்பியல் மட்டும் இல்லை: திருட்டுப் பயம், நடக்க இயலாத முதியவர், முகாமில் இடமில்லாத வளர்ப்பு நாய், முன்பு இருமுறை போய் வெள்ளம் வராமல் திரும்பிய சலிப்பு எல்லாம் சேர்ந்துதான் முடிவு பிறக்கிறது. தாமதத்தின் விலையையோ இயற்பியல்தான் நிர்ணயிக்கிறது. ஓடும் நீர் உடலைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. அதே நேரத்தில் ஆழம் கூடக்கூட உடல் மிதந்து, காலின் பிடிப்பு குறைகிறது. மாலையில் கணுக்கால் நீரில் நடந்து கடக்கக்கூடிய தெரு, முழங்காலைத் தாண்டி விரைந்து ஓடும் இரவில் வளர்ந்த ஆளையும் சாய்த்துவிடும்.

மரிகினாவில் வெள்ளம் விட்டுச்செல்வது பெரும்பாலும் சேறு. மலைச்சரிவிலிருந்து வந்த நுண்மண் நீரின் வேகம் குறைந்ததும் படிந்து, தரையிலும் அலமாரியிலும் மின்விசிறியின் இதழ்களிலும் கனத்த பூச்சாக ஒட்டிக்கொள்கிறது. காய்ந்துவிட்டால் களிமண் துகள்கள் இறுகி, மண்வெட்டியால் கொத்தித்தான் எடுக்க முடியும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் நீர் முழுவதும் வடியும்வரை காத்திருப்பதில்லை. வெள்ளம் படியிறங்கத் தொடங்கியதும், இடுப்பளவு நீரில் நின்றபடியே, அந்த நீரையே வாளியால் அள்ளி ஊற்றிச் சுவர்களை மேலிருந்து கீழாகத் துடைப்பத்தால் கழுவிக்கொண்டே, அது இறங்கும் வேகத்துக்கு ஈடாகத் தாங்களும் கீழே இறங்குகிறார்கள். குழாயில் தண்ணீர் வர இன்னும் நாளாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.